நெலிதா யார் ஜாடை

வால்பராய்சோ
14 மார்ச் 1991

மதிப்புக்குரிய சம்பந்தி எலியோதோரோ அவர்களுக்கு,

பேத்தி நெலிதா பத்திரமாக வந்து சேர்ந்தாள். உங்கள் தீவுப் பள்ளி ஆசிரியை பேருந்து நிலையத்தில் அவளை என் கையில் ஒப்படைத்துவிட்டு, அப்பாடா என்று ஒரு பெருமூச்சு விட்டார். அது ஏன் என்று எனக்கு மறுநாளே தெரிந்துவிட்டது.

மருத்துவமனையில் காட்டியாயிற்று. இடது முழங்காலுக்குக் கீழே அளவெடுத்து, அச்சும் எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் செய்து, பொருத்தி, நடக்கப் பழக்கி அனுப்ப ஆறு மாதமாவது ஆகுமாம். அதுவரை என்னோடுதான் இருப்பாள்.

என் வீடு மலைச்சரிவில் இருக்கிறது. தெருவிலிருந்து நூற்றுப் பதினான்கு படிகள். முதல் நாள் அவளைத் தூக்கிக்கொண்டு ஏறலாம் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஆள் பாதிப் படிகளைத் தாண்டிவிட்டாள். இறங்கும்போது படிகளே வேண்டாம் என்கிறாள். ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைப்பிடிக் கம்பியில் சறுக்கி வருகிறாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் சிலுவை போட்டுக்கொள்கிறார்கள்.

எல்லைக்கு அப்பால் ரியோ காயேகோஸில் வேலையிலிருக்கும் என் மிரேயா எழுதியிருந்தாள். மகளைப் பார்த்து இரண்டு வருடமாகிறதாம். "போட்டோ வேணாம்பா, நீங்க உங்க கையால வரைஞ்சு அனுப்புங்க" என்கிறாள். நாற்பது வருடம் கப்பல்களுக்குப் பெயரெழுதிய கை இது. ஓய்வு பெற்ற பிறகு முகங்களும் வரைகிறேன். ஆரம்பித்துவிட்டேன். நேற்று ஜன்னலோரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள், நம்புவீர்களா? நெற்றி அப்படியே என் மிரேயா. முதல் வாரம் என்னை 'நீங்க' என்றாள். இப்போது 'நீ'தான். வலது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு இருக்கிறதே, அது எப்படி வந்தது? கேட்டால், "அத எலியோ தாத்தாகிட்டயே கேளு" என்கிறாள்.

உங்கள் சம்பந்தி
ஃபெர்மின் அஸ்தூதில்லோ


கேவி தீவு, சிலோயே
2 ஏப்ரல் 1991

சம்பந்தி அவர்களுக்கு,

கடிதம் வந்தது. நான் படகுக்காரன், கையெழுத்தும் அப்படித்தான் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள் என்று எழுதியிருந்தீர்கள். காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தீர்களா? கோயில் பூசையில்கூட அவள் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை. அந்த நெற்றி மிரேயாவுடையதும் இல்லை. அது என் அம்மாவின் நெற்றி. இந்தத் தீவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

'நீ' என்று சொன்னாளாம். நல்லது. எனக்கு அந்த 'நீ' கிடைக்கப் பல் முளைத்த நாளிலிருந்து ஊட்டி, குளிப்பாட்டி, ராத்திரியெல்லாம் இருமலுக்கு முதுகு தடவ வேண்டியிருந்தது. உங்களுக்கு ஒரு வாரத்தில் கிடைத்துவிட்டது. சிலருக்குக் கை ராசி அப்படி.

தழும்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது எனக்கும் அவளுக்கும் உள்ள விஷயம்.

எனக்கும் ஒரு கடிதம் போட்டிருந்தாள். இரண்டு வரி. ஊரில் மலையேறும் பெட்டி வண்டி இருக்கிறதாம், அதில் பதினொரு தடவை ஏறி இறங்கினாளாம். தாத்தா எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை இல்லை. எழுதும்போது பக்கத்தில் இருந்தவர் நினைவுபடுத்தியிருக்கலாம்.

புகையில் உலர்த்திய சிப்பி ஒரு கோவை அனுப்பியிருக்கிறேன். அவளுக்கு.

எலியோதோரோ கார்க்கமோ


வால்பராய்சோ
20 ஏப்ரல் 1991

சம்பந்தி அவர்களுக்கு,

சிப்பி வந்தது. கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து முழுக் கோவையையும் அவளே தின்று தீர்த்தாள். எனக்கு ஒன்றுகூடத் தரவில்லை. நீங்கள் சந்தோஷப்படலாம்.

நீங்கள் கேட்டீர்களே, எனக்கு ஒரு வாரத்தில் எப்படிக் கிடைத்தது என்று. பதினொரு வருடம் எனக்கு என்ன கிடைத்தது என்று நானும் சொல்லட்டுமா? ஒரே ஒரு போட்டோ. மிரேயா உங்கள் மகனோடு கிளம்பிப் போனபோது இந்த வாசலை மிதிக்காதே என்று சொன்னவன் நான்தான், மறுக்கவில்லை. அவளுக்கும் எனக்கும் பேச்சில்லாத அந்தக் காலத்தில் நீங்களாக ஒரு போட்டோ அனுப்பினீர்கள். இரண்டு வயதுக் குழந்தை, உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால் நிற்கிறாள். முகம் மட்டும் தெரிகிறது. அதை என் மனைவி சட்டம் போட்டுக் கட்டிலுக்கு மேலே மாட்டிவைத்து தினமும் அதோடு பேசினாள். "காலத் தூக்கிப் போட்டு ஆடுவா பாரு, நம்ம வீட்டு ரத்தம்" என்பாள். அவள் சாவுக்கு மிரேயா வந்தபோதுதான் குழந்தைக்குப் பிறவியிலேயே அந்தக் கால் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. என் மனைவி தெரியாமலே போய்ச் சேர்ந்தாள். போட்டோவின் பின்னால் ஒரு வரி எழுத உங்களுக்கு என்ன தடை?

இருக்கட்டும். இப்போது உங்களிடம் கேட்க வேண்டிய நிலைமை எனக்கு. மூன்று தாள் பாழாகிவிட்டது. ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு, "இது பல் புடுங்கப் போறவ மூஞ்சி" என்கிறாள். நேற்று அவளே சொன்னாள்: "படகுல சுக்கான் புடிக்கிறப்பதான் நான் நானா இருப்பேன். எலியோ தாத்தா பாத்திருக்கு. கேட்டு எழுதச் சொல்லு."

நான் பார்க்காததை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அதைச் சொல்லுங்கள், நான் வரைகிறேன். மிரேயாவுக்காகக் கேட்கிறேன்.

ஃபெர்மின்


கேவி தீவு
11 மே 1991

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மனைவி விஷயம் எனக்குத் தெரியாது. படித்துவிட்டு அன்று நான் படகை எடுக்கவில்லை.

காஸ்த்ரோ நகரிலிருந்து ஒரு போட்டோக்காரர் தீவு தீவாக வந்துகொண்டிருந்தார். மூட்டையை இழுத்து வைத்தது அவர்தான். "கால் தெரியாம எடுத்துரலாம் பெரியவரே, பாக்கறவங்க மனசு கஷ்டப்படாது" என்றார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல்தான் என் குற்றம். ஐந்து வயதில் அவள் அந்தப் போட்டோவின் இன்னொரு பிரதியை எடுத்துப் பார்த்துவிட்டு, "உருளைக்கிழங்க எதுக்கு போட்டோ புடிச்சீங்க?" என்று கேட்டாள்.

நீங்கள் கேட்டதை எழுதுகிறேன். சுக்கான் பிடிக்கும்போது நிமிர்ந்து நிற்பாள். இரண்டு கையும் சுக்கான் பிடியில் இருக்கும். தலைமுடியை இறுக்கிப் பின்னியிருப்பாள். உதடு மூடியிருக்கும். கண் தூரத்தில் ஒரே இடத்தைப் பார்க்கும். எங்கள் கோயில் மரச்சிலை மாதா மாதிரி அவ்வளவு அமைதி. நீல நிறக் கம்பளிச் சட்டை.

இவ்வளவுதான். நன்றாக வரையுங்கள்.

எலியோதோரோ


வால்பராய்சோ
8 ஜூன் 1991

எலியோதோரோ,

மரியாதையெல்லாம் இந்தக் கடிதத்தில் எதிர்பார்க்காதீர்கள்.

உங்கள் கடிதத்தைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு மூன்று வாரம் உழைத்தேன். நிமிர்ந்த உடம்பு, மூடிய உதடு, தூரத்துப் பார்வை, நீலச் சட்டை. வரப்போகும் புதுக் காலையும் சேர்த்துக் கணுக்கால்வரை பாவாடை போட்டு வரைந்தேன். ஞாயிற்றுக்கிழமை அண்டை வீட்டாரைத் தேநீருக்கு அழைத்துத் துணியை விலக்கினேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் மட்டும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு இது?"

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். "நீதான்மா."

"இவளுக்கு எதுவுமே நடக்காது போலயே தாத்தா" என்றாள். ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஆளையும் காணோம், படத்தையும் காணோம். அறுபத்தொன்பது வயதில் அந்த நூற்றுப் பதினான்கு படியையும் ஓடி இறங்கினேன். சந்தை, மருத்துவமனை, பெட்டி வண்டி நிலையங்கள் எல்லாம் தேடினேன். சாயங்காலம் மீனவர் துறையில் ஒரு படகு கரை தட்டியது. அதில் இருந்தாள். தலை முதல் கால்வரை நனைந்திருந்தாள். படகுக்காரர் என்னைப் பார்த்ததும் பயந்துபோய், "நான் சுக்கானைக் குடுக்கல சார். அவளே புடிச்சிக்கிட்டா. நானா இருந்தாக்கூட இவ்வளவு நல்லா ஓட்டிருக்க மாட்டேன்" என்றார்.

அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவள் நிற்பதே இல்லை. படகின் அடித்தட்டில் உட்கார்ந்து, குறைக் காலைப் பக்கவாட்டுச் சட்டத்தில் முட்டுக்கொடுத்து, சுக்கான் பிடியை அக்குளில் இடுக்கிக்கொள்கிறாள். முடி வாயில் போகிறது. அந்த வாயோ மூடுவதே இல்லை. வருகிற ஒவ்வொரு அலையையும் பெயர் வைத்துத் திட்டுகிறாள். என்ன பெயர்கள் என்று அந்த மனிதர் சொன்னார், நான் எழுத முடியாது. யாரோ ஒரு மீனவர்கூட அதைப் பார்த்துவிட்டார். நான் பார்க்கும்போது படகு நின்றுவிட்டிருந்தது.

படம் எங்கே என்று கேட்டேன். "கடல்ல போட்டுட்டேன்" என்றாள்.

நீங்கள் எழுதியது பொய். ஒரு வார்த்தை விடாமல் பொய். ஏன்?

ஃபெர்மின் அஸ்தூதில்லோ


கேவி தீவு
30 ஜூன் 1991

சம்பந்தி,

பொய்தான்.

உங்கள் கடிதங்கள் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் எழுந்து இரண்டு பேருக்கு உருளைக்கிழங்கு வேகவைத்துவிட்டு, பிறகு ஒருவனாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் என்ன சொன்னாள், எப்படிச் சிரித்தாள் என்று நீங்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். படகில் அவள் முகம் எப்படி இருக்கும் என்பது ஒன்றுதான் என்னிடம் மிச்சம் இருந்தது. அதையும் கேட்டீர்கள். கொடுக்க மனம் வரவில்லை. கோயிலுக்குப் போய் மாதா சிலையைப் பார்த்துவிட்டு வந்து அதை எழுதி அனுப்பினேன்.

தழும்பையும் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு ஐந்து வயது. அப்போதெல்லாம் படகில் கூட்டிப் போனால் நடுப்பலகையோடு சேர்த்து இடுப்பில் கயிறு போட்டுக் கட்டிவிடுவேன். விழுந்தால் நீந்த மாட்டாள் என்று பயம். ஒரு காலுள்ள பிள்ளையை என்னை நம்பி விட்டுவிட்டுப் போயிருக்கிறார்களே என்ற பயம். துறையில் எல்லோரும் சிரித்தார்கள். "எலியோ, ஆட்டுக்குட்டி வித்தாச்சா?" என்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஒரு நாள் எதிர்க்காற்றில் பாய்மரத்தின் குறுக்குக் கட்டை சுழன்று வந்தது. மற்ற பிள்ளையாக இருந்தால் குனிந்திருக்கும். என் பிள்ளையால் குனிய முடியவில்லை. நான்தான் கட்டி வைத்திருந்தேனே. ரத்தம் கண்ணை மூடிவிட்டது. அப்போதும் அழவில்லை. "கட்டாத தாத்தா, நானே புடிச்சிக்கிறேன்" என்றாள். அன்றைக்கே கயிற்றைத் தூக்கி எறிந்தேன். சுக்கானைக் கையில் கொடுத்தேன். அடுத்த கோடையில் நீந்தவும் கற்றுக்கொண்டாள், என்னைவிட நன்றாக.

என் மகன் ரூபெனுக்கும் மிரேயாவுக்கும் சறுக்கி விழுந்தாள் என்றுதான் சொல்லியிருக்கிறேன். உண்மை தெரிந்தால் யாராவது வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஆறு வருடமாக வாயைத் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை. நான் கேட்டுக்கொள்ளாமலே.

இனி இது உங்கள் கையில் இருக்கிறது. மிரேயாவுக்கு எழுதுவதானால் எழுதுங்கள்.

எலியோதோரோ


வால்பராய்சோ
25 ஜூலை 1991

சம்பந்தி அவர்களுக்கு,

நான் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன். காரணம், நானும் யோக்கியனில்லை.

ஏப்ரலிலேயே, உங்கள் சிப்பிக் கோவை வந்த அதே வாரம், இங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய் அடுத்த மார்ச்சுக்கு அவள் பெயரைப் பதிவுசெய்துவிட்டு வந்தேன். உங்களையும் கேட்கவில்லை, அவளையும் கேட்கவில்லை. கால் பொருத்தியதும், நடக்க இன்னும் பழக வேண்டும், மருத்துவர் சொல்கிறார் என்று ஒரு சாக்குச் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். பதினொரு வருடம் நீங்கள் வைத்திருந்தீர்கள், இனி என் முறை என்று எனக்குள்ளே ஒரு நியாயம். போன வாரம் பள்ளியிலிருந்து சீருடை அளவு கேட்டு ஆள் வந்தபோது குட்டு உடைந்தது. அவள் கத்தவில்லை. "ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் இருக்கீங்க" என்று மட்டும் சொன்னாள். இதைவிட அவள் என்னை அடித்திருக்கலாம்.

புதுக் கால் வந்துவிட்டது. இரண்டு நாள் மாட்டிக்கொண்டு நடந்தாள், ஊரே பார்த்தது. மூன்றாம் நாள் கழற்றிக் கதவுக் குமிழில் மாட்டிவிட்டு ஊன்றுகோலோடு போய்விட்டாள். இப்போது அந்தக் காலுக்கும் அவளுக்கும் ஒரு சமாதானம் ஆகியிருக்கிறது. படியேறும்போது கால், மற்றபடி ஊன்றுகோல்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். படத்தை அவள் கடலில் போடவில்லை. தபாலில் போட்டிருக்கிறாள், ரியோ காயேகோஸுக்கு. பின்பக்கத்தில் எழுதியிருந்ததை மிரேயா எனக்கு அப்படியே நகலெடுத்து அனுப்பியிருக்கிறாள்:

"அம்மா, ரெண்டு தாத்தாவும் சேர்ந்து இவள வரைஞ்சிருக்காங்க. இது நான் இல்ல. நான் எப்படி இருக்கேன்னு நீயே வந்து பாரு."

அதைப் படித்துவிட்டு மிரேயா அன்று வேலைக்குப் போகவில்லையாம். செப்டம்பர் கடைசியில் உங்கள் தீவுக்கு வருகிறாள். ரூபெனுக்கு ரியோ காயேகோஸில் வீடு கிடைத்திருக்கிறது. மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு போகிறார்களாம். நம் இருவரையும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

நெலிதாவை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். இத்தனை வருடம் கப்பலுக்குப் பெயர் எழுதியவன் ஒரு நாள்கூட அலையில் போனதில்லை என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

ஃபெர்மின்


வால்பராய்சோ
19 அக்டோபர் 1991

சம்பந்தி,

வீடு வந்து சேர்ந்தேன். தரை இன்னும் ஆடுகிறது.

உங்கள் வீட்டு உருளைக்கிழங்கு ரொட்டியைப் பற்றி நான் சொன்ன எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். பசி வந்தபோது தின்றேன், நன்றாகத்தான் இருந்தது.

அந்தப் படகுப் பயணத்தை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். மிரேயா முன்பலகையில் வாயைப் பொத்திக்கொண்டு மகளையே பார்த்தபடி இருந்தாள். நான் ஒரு கையில் தாள், ஒரு கையில் கரி, நடுநடுவே கடலுக்குத் தலையை நீட்டி வாந்தி. நீங்கள் என் இடுப்புப் பட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டீர்கள். பிடித்துக்கொண்டு, "இப்பப் பாருங்க, இப்பப் பாருங்க, பெரிய அலை வருது, இப்பத் திட்டுவா" என்று காதில் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். பார்த்தேன், சம்பந்தி. ஒரு நிமிடம் இருக்குமா? அந்த ஒரு நிமிடத்தில் வரைந்ததுதான் நான் இதுவரை வரைந்ததிலேயே உருப்படியானது. குறைக் கால் முட்டுக்கொடுத்திருந்த இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டுக் கரி கலைந்துவிட்டது. அதுவும் சரியாகத்தான் இருந்தது. நெலிதா எட்டிப் பார்த்து, "ம்" என்றாள். அதற்குள் மிரேயா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டுவிட்டாள். பெற்றவளிடம் எப்படித் திருப்பிக் கேட்பது?

என்னிடம் ஒன்றும் இல்லை. நினைவிலிருந்து போட்டுப் பார்க்கிறேன். கண் வந்தால் வாய் வருவதில்லை.

என் பேருந்து அன்றைக்குத்தான் என்று நான் அவர்களுக்கு ஒரு நாள் முன்னதாகக் கிளம்ப வேண்டியதாயிற்று. நீங்கள் காஸ்த்ரோவரை போய் அவர்களை வழியனுப்பினீர்கள். கடைசிப் பார்வை உங்களுக்குத்தான் கிடைத்திருக்கும். அழுதாளா? எப்படிக் கையசைத்தாள்? என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா? எழுதுங்கள். இந்த முறை கோயில் சிலையைப் பார்த்து எழுதாதீர்கள்.

ஃபெர்மின்


கேவி தீவு
6 நவம்பர் 1991

சம்பந்தி,

கேட்டதற்கு உண்மையாகவே பதில் சொல்கிறேன்.

அன்று காலை கஞ்சி குடிக்கும்போது உங்களைப் பற்றிச் சொன்னாள். "ஃபெர்மின் தாத்தா உசுரே போற மாதிரி வாந்தி எடுத்துச்சு, ஆனா கரிய மட்டும் கீழ போடல. நல்ல ஆளு" என்றாள். அவள் வாயால் நல்ல ஆள் என்று என்னை ஒரு தடவையும் சொன்னதில்லை. இதை உங்களுக்கு எழுதாமலே விட்டுவிடலாம் என்று நான்கு நாள் கடிதத்தைத் தொடாமல் வைத்திருந்தேன். எழுதிவிட்டேன். இனி உங்கள் பாடு.

கடைசிப் பார்வை எனக்குக் கிடைத்திருக்கும் என்கிறீர்கள். யாருக்கும் கிடைக்கவில்லை. என்னைக் கட்டிப்பிடித்தது உண்மை. கொஞ்ச நேரம்தான். அவளுக்கு அவசரம். இரண்டரை நாள் பயணம், மலை தாண்டி அடுத்த தேசம், அவள் பார்க்காத பாதை. பேருந்தில் முதல் ஆளாக ஏறி முன்வரிசை ஜன்னலோரம் பிடித்துக்கொண்டாள். நான் ஜன்னலுக்கு நேர்கீழே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மிரேயா திரும்பித் திரும்பிக் கையசைத்து அழுதாள். நெலிதா சாலையைக் காட்டி ஓட்டுநரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள், எத்தனை ஆறு தாண்ட வேண்டும் என்றோ என்னவோ. இப்போது திரும்புவாள், இப்போது திரும்புவாள் என்று பார்த்தேன். வண்டி கிளம்பிவிட்டது. கடைசிவரை எனக்குத் தெரிந்தது அவளுடைய வலது காது மட்டும்தான்.

முதலில் கோபம் வந்தது. மிரேயாமேல், ரூபென்மேல், அந்த ஓட்டுநர்மேல்கூட. வீடு வந்து படகைக் கட்டும்போது வேறு மாதிரி தோன்றியது. திரும்பிப் பார்த்துக்கொண்டே போகிற பிள்ளையாக இருந்தால் அவளை யார் வளர்த்தது என்று கேட்பார்கள். இருந்தாலும் ஒரு தடவை திரும்பியிருக்கலாம்.

நீங்கள் விட்டுப்போன கரித்துண்டு ஒன்று மேசைமேல் கிடந்தது. வாழ்க்கையில் நான் எதையும் வரைந்ததில்லை. இரண்டு வாரமாக வரைகிறேன். இத்துடன் வைத்திருக்கிறேன், சிரிக்காதீர்கள். மூக்கு படகு மாதிரி இருக்கிறது, தெரியும். தாடை யாருடையதோ. முடி கயிறு மாதிரி வந்துவிட்டது. ஆனால் காது சரியாக வந்திருக்கிறது. அது அவளுடைய காதேதான்.

மற்றதெல்லாம் நீங்கள் போட்டுத் திருப்பி அனுப்புங்கள். நெற்றிகூட உங்கள் மிரேயா மாதிரி போட்டுக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

காதைத் தொடாதீர்கள்.

எலியோதோரோ